ஆடிப்பட்டமும் ஆற்றுத்தண்ணீரும்: திருச்சி, ஸ்ரீரங்கம் வீட்டுத்தோட்டங்களின் பருவக்கணக்கு

1. கேள்வி

வீட்டுத்தோட்டம் பற்றித் தமிழில் வரும் கையேடுகளும் இதழ்க் குறிப்புகளும் ஜூலை நடுவில் ஒரே பழமொழியோடு தொடங்குவது வழக்கம்: ஆடிப்பட்டம் தேடி விதை. வயலுக்கும் கொல்லைக்கும் மொட்டைமாடிக்கும், கோவைக்கும் திருச்சிக்கும் இந்த அறிவுரை வேறுபாடில்லாமல் சொல்லப்படுகிறது. திருச்சிராப்பள்ளியின் ஆடியைப் பார்த்தால் விதை போடத் தோன்றாது. மழை எப்போதாவது ஒரு மாலையில் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். மேற்குக் காற்று பகல் முழுக்க ஓயாது. காலையில் நனைத்த செடித்தொட்டி மதியத்துக்குள் வெடித்துக் கிடக்கும்; இரண்டிலை விட்ட நாற்றின் ஓரம் கருகத் தொடங்கியிருக்கும்.

அப்படியானால் பழமொழி இவ்வூருக்குப் பொருந்தாதா? பொருந்துமென்றால் எந்தத் தோட்டத்துக்கு, எந்தச் செடிக்கு? மழைக்கணக்கை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஆற்றில் தண்ணீர் வரும் நாள், மண், காற்று, பகலின் நீளம் எல்லாமே இதில் சேர்கின்றன. காவிரிக்கு வடகரையில் இருக்கும் தீவுக்கும் தென்கரையில் விரிந்த நகரத்துக்கும் விடை ஒன்றாக இல்லை என்பதே இங்கு எடுத்துக்காட்டப்படுவது.

2. வழக்கில் உள்ள விளக்கங்கள்

ஆடியில் விதைக்கச் சொன்னதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, தென்மேற்குப் பருவமழை. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதிகளுக்கு இது ஓரளவு சரி. மலைக்குக் கிழக்கே மழைமறைவில் கிடக்கும் திருச்சிக்கு, பருவமழையின் காற்று வந்து சேர்கிறது, ஈரம் வருவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் காற்று கோவை, கரூர் தாண்டிக் காவிரிச் சமவெளியில் தடையில்லாமல் ஓடிவருவதால், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொலவடை இங்கே வெறும் அலங்காரம் அல்ல.

இரண்டாவது, மானாவாரி நிலத்தின் முன்யோசனை. ஆவணி, புரட்டாசியில் மாலைநேர இடிமழை வலுக்கும்; அதற்கு முன்பே விதை மண்ணுக்குள் இருந்தால் முதல் நல்ல மழையிலேயே முளைத்துவிடும். சோளம், கம்பு, துவரை போடும் புழுதிக்காட்டுக்கு இது சிறந்த உத்தி. ஏக்கர்க்கணக்கில் விதைப்பவர் பத்தில் மூன்று முளைக்காமல் போவதைத் தாங்கிக்கொள்வார். நான்கே நான்கு பாகல் விதை ஊன்றும் வீட்டுக்காரருக்கு அந்தக் கணக்கு உதவாது.

மூன்றாவது விளக்கம் ஆற்றோடு தொடர்புடையது. குடகில் பெய்த மழை காவிரியில் புதுவெள்ளமாக வருவது ஆடியில்தான். ஆடிப் பதினெட்டில் அம்மா மண்டபம் படித்துறையில் கூடும் கூட்டம் அந்த வரவைக் கொண்டாடத்தான் கூடுகிறது. வானத்தைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்து விதைக்கும் ஊருக்கு ஆடி இயல்பான தொடக்கம்.

பழமொழி பிறந்த காலத்தில் ஆடி மாதம் வேறு பருவத்தில் வந்திருக்கலாமே என்ற ஐயமும் எழுவதுண்டு. தமிழ் ஆண்டு விண்மீன்களை வைத்துக் கணக்கிடப்படுவதால், பருவங்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 60, 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் மாதங்கள் பின்தள்ளிப் போகின்றன. 600 ஆண்டுகளுக்கு முன் ஆடி முதல் தேதி இன்றையதைவிடப் பத்து நாள் போல முன்னதாக, ஜூலை முதல் வாரத்தை ஒட்டி வந்திருக்கும். ஆனால் அந்த நாட்கள் திருச்சியில் இன்னும் வறண்டவை. ஆகவே நாட்காட்டி நகர்வு பழமொழியைக் காப்பாற்றுவதில்லை. சிக்கலைச் சற்றுக் கூட்டவே செய்கிறது.

3. வானம் தரும் கணக்கு

திருச்சியின் ஆண்டு மழை சராசரியாக 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை. இதில் பெரும்பகுதி செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே விழுந்துவிடுகிறது. அக்டோபரே மழை மிகுந்த மாதம். ஜூலை மழை அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெப்பநிலையோ ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியசைத் தொட்டு, ஜூலையிலும் பகலில் 35க்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. டிசம்பர், ஜனவரியில்தான் பகல் வெயில் 30ஐ ஒட்டியும் இரவு 20, 21 டிகிரியிலும் நிற்கும்.

இந்த எண்களை ஒரு தக்காளிச் செடியின் பக்கம் நின்று படிக்க வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போதும் இரவு வெப்பம் 24, 25க்குக் கீழே இறங்காதபோதும் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கிறது. செடி பச்சைப்பசேலென்று நிற்கும்; பூக்கும்; பூ காம்போடு உதிரும். ஆடியில் நட்ட தக்காளி ஆவணியில் பூக்கிறது. அப்போது இரவும் புழுக்கம், பகலும் புழுக்கம். உரம் போதவில்லை என்று எண்ணி வீட்டுக்காரர் மேலும் மேலும் தழைச்சத்து கொடுப்பார். இலை இன்னும் அடர்ந்து பூ இன்னும் கொட்டும். குறை உரத்தில் இல்லை, தேதியில் இருக்கிறது.

கத்தரி, வெண்டை, கொத்தவரை, கீரைத்தண்டு ஆகியவை இந்த வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும். அவற்றுக்கு ஆடி தடையல்ல. காற்று மட்டுமே பகை. மேற்குப் பக்கம் ஒரு சுவரோ, அகத்தி வரிசையோ, கட்டிய தென்னங்கீற்றுத் தட்டியோ இருந்தால் போதும்.

4. ஆறும் அணையும்

ஸ்ரீரங்கம் தீவு முக்கொம்பில் தொடங்குகிறது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அவ்விடத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையைக் கட்டினார். இரு ஆறுகளும் கிழக்கே கல்லணை அருகே மீண்டும் நெருங்கிவரும் வரை நடுவில் கிடப்பது ஆற்று வண்டல். ஆறு ஓடும் மாதங்களில் தீவின் கிணறுகளில் நீர் தானாக ஏறும். திருச்சி மாநகரின் குடிநீரும் இந்த ஆற்றுமணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்தே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது என்றால் மணல் பிடித்துவைக்கும் நீரின் அளவு விளங்கும். உத்தர வீதி, சித்திரை வீதிகளின் பழைய வீடுகள் வாசலில் குறுகிப் பின்னோக்கி நீண்டவை. கடைக்கோடியில் கிணறு, துவைக்கும் கல், அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் வாழை, அப்பால் கறிவேப்பிலையும் பவழமல்லியும். அந்தக் கொல்லைக்கு ஆடியில் மழை பெய்ததா என்பது ஒரு பொருட்டே அல்ல.

தென்கரையிலும் ஆற்றுநீர் பாயும் பகுதி உண்டு. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், சோழர் காலத்தது, நகரின் நடுவே ஓடுகிறது. ஒருகாலத்தில் வாய்க்காலோரத் தெருக்களின் தோட்டங்களும் காவிரித் தோட்டங்களே. நகரம் அடர்ந்து கழிவுநீர் கலந்தபின் அந்த நீரை நம்பிக் கீரை போடுவது ஏற்கத்தக்கதல்ல. நிலத்தடி ஈரம் மட்டும் இன்னும் பயன்படுகிறது.

ஆடியில் வெள்ளம் வருவது 1930கள் வரை இயற்கையின் ஏற்பாடு. கிருஷ்ணராஜசாகரும், 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் வந்தபின் அது நிர்வாக முடிவாகிவிட்டது. மேட்டூர் மரபுப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்பட வேண்டும். திறந்த நீர் மூன்று நான்கு நாளில் முக்கொம்பை எட்டும். ஆடி பிறப்பதற்குள் தீவின் அடிமண் நனைந்திருக்கும். ஆனால் 2012 முதல் 2019 வரை ஒரு முறைகூட ஜூன் 12இல் திறக்க முடியவில்லை. 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2, 2018இல் ஜூலை 19, 2019இல் ஆகஸ்ட் 13. இடையே ஆடிப்பெருக்குக்கென்று தனியாகக் கொஞ்சம் நீர் விட்ட ஆண்டுகளும் உண்டு. படித்துறைக்கு அது போதும், கொல்லைக்கிணற்றுக்குப் போதாது. 2020இல் நிலைமை சீராகி, 2022இல் மே 24இலேயே அணை திறந்தது. 2024இல் மீண்டும் ஜூலை 28 ஆயிற்று.

இவ்வளவு ஆட்டம் காணும் ஒன்றை மாதப்பெயரால் மட்டும் குறிப்பது பழைய நம்பிக்கையின் மிச்சம். ஸ்ரீரங்கத்தில் ஆடிப்பட்டத்தைக் கடைப்பிடிப்பவர் பஞ்சாங்கத்தோடு மேட்டூர் நீர்மட்டத்தையும் பார்ப்பதே முறை. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி. ஆனி பிறக்கும்போது அணையில் நீரும் மேலேயிருந்து வரத்தும் நன்றாக இருந்தால் வாழைக்கன்றும் கொடிவிதையும் ஊன்றலாம். மட்டம் மிகக் கீழே இருக்கும் ஆண்டில் ஆவணிக் கடைசி வரை பொறுப்பதால் நட்டம் ஒன்றுமில்லை, ஒரு செடியைத் தவிர.

5. அவரை: பொறுக்காத செடி

அந்த ஒரு செடி கொடி அவரை. ஆடிப்பட்டத்துக்கு மழையாலும் ஆற்றாலும் கிடைக்காத உறுதியான சான்று இதனிடம் கிடைக்கிறது.

நாட்டுக் கொடி அவரை ரகங்கள் குறும்பகல் தாவரங்கள். பகல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சுருங்கி இரவு நீண்டால்தான் அவை மொட்டு வைக்கும். திருச்சியில் ஜூன் பிற்பகுதியில் பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம். டிசம்பர் பிற்பகுதியில் 11 மணி 30 நிமிடம். ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் மனிதர் கண்ணுக்குப் பெரிதாகப் படாது. அவரைக்கு அதுவே நாட்காட்டி. இலையில் உள்ள நிறமிகள் இரவின் நீளத்தை அளக்கின்றன. புரட்டாசி முதல் வாரத்தில் பகலும் இரவும் சமமாகி அதன்பின் இரவு ஓங்கத் தொடங்கும்போது கொடி வளர்ச்சியை நிறுத்திப் பூவுக்குத் திரும்புகிறது.

இப்போது தேதியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சித்திரையில் ஊன்றினால் கொடி ஆறு மாதம் வெறும் இலையாகப் பந்தலை மூடும், தண்ணீரைக் குடிக்கும், அசுவினிக்குத் தீனியாகும். பூப்பது அதே ஐப்பசியில்தான். கார்த்திகையில் ஊன்றினால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். நாலு கொத்துக்கு மேல் காய்க்க உடம்பு இராது. ஆடியில் ஊன்றிய கொடிக்குப் பந்தல் ஏறிப் படர மூன்று மாதம் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூ. மார்கழிப் பனியில் கொத்துக்கொத்தாகக் காய். தைப்பொங்கலுக்கு வீட்டு அவரை. பதினைந்து நாள் தவறினாலும் விளைச்சல் குறையும். மழை தவறலாம், அணை தாமதமாகலாம், சூரியன் தவறுவதில்லை. ஆடிக்காற்றின் நடுவே குடத்து நீர் ஊற்றியாவது இந்த விதையை முளைக்கவைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

புடலை, பாகல், சுரை, பீர்க்கு ஆகியவற்றில் இதன் மென்மையான வடிவம் தெரிகிறது. நீண்ட பகலும் கடும் வெப்பமும் ஆண்பூவைப் பெருக்கும். பகல் சுருங்கி வெப்பம் தணியப் பெண்பூ கூடும். மாசியில் ஊன்றிய சுரை ஆண்பூவாய்ப் பூத்துக் கொட்டுவதும், ஆடியில் ஊன்றியது புரட்டாசியில் பிஞ்சுபிஞ்சாக இறங்குவதும் ஒரே காரணத்தால். ஆக, பழமொழியின் உயிர் கொடிக்காய்களில் இருக்கிறது. அதைத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் நீட்டியது பிற்காலக் கையேடுகளின் தாராளம்.

நகரத்தில் இதற்கு ஒரு புது இடைஞ்சல் முளைத்திருக்கிறது. குறும்பகல் செடிகளுக்கு இரவு இடையறாத இருளாக இருக்க வேண்டும். மாடிப் பந்தலுக்கு நேரே இரவெல்லாம் எரியும் தெருவிளக்கு அந்த இருளைக் கெடுக்கும். ஒரே பந்தலில் விளக்கை நோக்கிய பக்கம் பூக்காமலும் சுவர்ப்பக்கம் பூத்தும் நின்றால், பூச்சிமருந்து தேடுவதற்கு முன் விளக்கைக் கவனிக்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. அவற்றை எந்தப் பட்டத்திலும் போடலாம். கொடி அவரையின் சுவையும் நாரும் வேறு என்பார் சொல்வதையும் தள்ள முடியாது.

6. தென்கரையின் மண்

காவிரியைத் தாண்டித் தெற்கே வந்தால் மண் மாறிவிடுகிறது. கண்டோன்மென்ட், கே.கே. நகர், விமான நிலையம் வரையிலான பகுதிகள் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுநிலம். இன்னும் தெற்கே மணிகண்டம் வட்டாரத்தில் களர்நிலம் குறுக்கிடுகிறது. நாவலூர் குட்டப்பட்டில் 1989இல் தொடங்கிய அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியின் முக்கியமான ஆய்வுக்களம் இந்தக் களர்மண்ணே. அதைத் தாங்கும் டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை.

நகரின் புதிய மனைகள் இந்தத் திசையில் பரவியிருப்பதால் களர் இப்போது வீட்டுத்தோட்டப் பிரச்சினை ஆகிவிட்டது. அடையாளம் எளிது. மழை நின்ற மறுநாள் மண்ணின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். காய்ந்தால் பாளமாக இறுகும். நனைந்தால் சேறாகக் குழைந்து நீர் கீழிறங்காது. செம்பருத்தி, மல்லிகை, கறிவேப்பிலையின் இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மீதி மஞ்சளாகவும் இருக்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் காரத்தன்மையால் வேருக்குக் கிடைக்காத நிலை அது. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து மாலையில் இலைமேல் தெளிப்பது உடனடித் தீர்வு. நிலையான தீர்வுக்கு ஜிப்சம் இட்டு, மழைநீரைத் தேக்கி வடியவிட்டு, ஆவணியில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி மண்ணோடு சேர்க்க வேண்டும். இதற்கு மழை தேவை. ஆடியில் இதைச் செய்ய முடியாது. ஆடியில் விதைப்பதைக் காட்டிலும் ஐப்பசி மழைக்கு மண்ணைத் தயார்செய்வதே களர்மனைக்காரருக்கு உரிய முதல் வேலை. ஆழ்துளைக் கிணற்று நீரும் உவராக இருக்கும் தெருக்களில், கோடை முழுக்க அந்நீரை ஊற்றிச் சேர்த்த உப்பைக் கழுவி இறக்குவதும் அந்த மழைதான்.

7. புரட்டாசியில் தொடங்கும் தோட்டம்

தென்கரையின் மேட்டுநிலத் தோட்டத்துக்கும், கரை எதுவானாலும் தக்காளி, மிளகாய், முள்ளங்கி, கொத்தமல்லி போன்ற செடிகளுக்கும் உண்மையான தொடக்கம் புரட்டாசி. தக்காளி விதையைப் புரட்டாசிப் பிற்பாதியில் நாற்றுவிட்டு, 25 நாளில் பிடுங்கி நட்டால், செடி வேர்பிடித்துக் கார்த்திகைக் கடைசியில் பூக்கும். மார்கழி, தை இரவுகள் காய்பிடிப்புக்கு ஏற்றவை. பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 போன்ற ரகங்கள் சமவெளிக்குப் பழகியவை. மலைக்காய்கறிகளின் வண்ணப்பட உறைகளை நம்பி இவ்வூரில் கேரட் போடுவது பெரும்பாலும் இலையை வளர்க்கும் பயிற்சியாகவே முடிகிறது.

இப்பட்டத்தின் ஆபத்து நீரின் மிகுதி. 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சியின் பல பகுதிகளுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவில் உள்ளது. அந்த அளவுக்குப் போகாத சாதாரண ஐப்பசியிலும் நாற்றழுகல் நோய் ஒரே இரவில் நாற்றுத்தட்டை முடித்துவிடும். தரைமட்டத்தில் தண்டு கயிறுபோல் மெலிந்து நாற்று சாய்ந்து கிடந்தால் அதுதான். நாற்றுகளைத் தாழ்வாரத்து விளிம்பில் வெயில் படும்படி வைத்து மழையிலிருந்து காப்பது எந்த மருந்தையும்விடப் பயன் தரும். பப்பாளி இரண்டு நாள் நீர் தேங்கினாலே வேரழுகிவிடும். ஸ்ரீரங்கத்தின் தாழ்ந்த கொல்லைகளில் அதை மேடு கட்டி நடாவிட்டால் கார்த்திகையில் சாய்ந்துவிடும். முருங்கையில் மழைக்குப்பின் அடிமரத்தில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சிகளை விடியலில் தீப்பந்தத்தால் சுட்டு அழிப்பது பழைய வழி, இன்றும் செல்லுபடியாவது.

மழையே பொய்க்கும் ஆண்டும் வரும். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. புரட்டாசிப்பட்டமும் கைவிட்ட ஆண்டு அது.

வாழையின் கணக்கு தனி. தாயனூரில் 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்ததற்குக் காவிரிக்கரையின் பூவன், கற்பூரவல்லி, ரஸ்தாளித் தோப்புகளே பின்னணி. வீட்டுக்கு ஓரிரு மரம் வைப்பவர் தார் எப்போது தொங்கும் என்பதை முன்கூட்டி எண்ணுவது நல்லது. பூவன் கன்று வெட்டுக்கு வர ஓராண்டும் அதற்குச் சற்று மேலும் ஆகும். ஆடியில் நட்டதன் தார் மறு ஆடிக்காற்றில் தொங்கும். முட்டுக் கொடுக்காவிட்டால் மரத்தோடு முறியும். தையில் ஊன்றிய ஈட்டிக்கன்று அந்தக் காற்றுக்குத் தார் சுமக்காத இளமரமாக நிற்கும். இங்கே பழமொழி நேரெதிராக வேலைசெய்கிறது.

8. பூச்செடிகள்

ஸ்ரீரங்கத்தில் தோட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காய் அல்ல, பூ. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை கட்டியதாகச் சொல்லும் ஊர் இது. கோயில் நந்தவனத்தின் தேவை ஆண்டு முழுவதும் அன்றாடப் பூ. ஆகவே அது ஒரு பட்டத்தை நம்பாமல் நந்தியாவட்டை, அரளி, துளசி போன்று எந்நாளும் தருவனவற்றை அடிப்படையாகக் கொண்டு, பருவப்பூக்களை மேலே சேர்த்துக்கொண்டது. வீட்டுக்கும் இது நல்ல மாதிரி.

மல்லிகையின் உச்சம் பங்குனி முதல் ஆனி வரை. மார்கழியில் குளிரும் பனியும் மொட்டை அடக்கிவிடும். வைகுண்ட ஏகாதசிக்குப் பூ மிகுதியாகத் தேவைப்படும் அந்நாட்களில்தான் சாத்தார வீதிப் பூச்சந்தையில் மல்லிகை விலை எட்டாத உயரத்துக்குப் போகும். வீட்டுச் செடி அப்போது பூக்கவில்லை என்று வருந்த வேண்டாம். அதுவே அதற்கு ஓய்வுக்காலம். கார்த்திகை நடுவில் சில நாள் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, காய்ந்த குச்சிகளை நீக்கி, தொழுவுரமிட்டு நீர்விட வேண்டும். மாசியில் துளிர் அடங்கி மொட்டு வரும். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கும்போது சுற்றுவட்டாரத் தோட்டங்களும் பூப்பெருக்கில் நுழைந்திருக்கும். முல்லைக்குக் கவாத்து தையில். கவாத்துக்கு மனம் வராமல் கொடியை அப்படியே விடுவதுதான் இவ்வூர் வீடுகளில் மல்லிகை பூக்காததற்குப் பெரும்பாலும் காரணம்.

9. மாடியும் கோடையும்

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் தொடங்கிப் பிற நகரங்களுக்கும் விரித்த மாடித்தோட்டத் திட்டம், தென்னைநார்க் கழிவுக் கட்டியையும் பாலித்தீன் பைகளையும் விதைகளையும் உயிர் உரங்களையும் ஒரே தொகுப்பாக வீட்டுக்குக் கொண்டுவந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் கொல்லைகளை விழுங்கிய ஸ்ரீரங்கத்தில் இன்று தோட்டம் என்பது பெரும்பாலும் மாடித்தோட்டமே. ஆற்றின் நிலத்தடி ஈரம் இரண்டாம் மாடிக்கு ஏறாது. ஆகவே ஆறு கொடுத்த ஆடிப்பட்டச் சலுகை மாடிக்கு இல்லை; தீவில் இருந்தாலும் அது தென்கரை மேட்டுநிலத்தின் கணக்கிலேயே சேரும். கொடிகளை மட்டும் பகல்நீளம் கருதி ஆடியில் ஊன்றி, மற்றவற்றைப் புரட்டாசிக்கு விடுவது பொருத்தம்.

கோடையில் மாடி இன்னும் கொடியது. அக்னி நட்சத்திர நாட்களில் தளத்தின் சூடு பையின் அடிவேரை வேகவைக்கும். பைகளைச் செங்கல்மேல் தூக்கிவைப்பதும், 50 விழுக்காட்டு நிழல்வலை கட்டுவதும், காய்ந்த வாழைச்சருகால் மூடாக்கு இடுவதும் தேவை. அம்மாதங்களில் பயிர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை, பசலையோடு நிறுத்திக்கொள்ளலாம். வெண்டையின் இலைநரம்பு மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. குணமாகாது, பிடுங்கிவிட வேண்டும். 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ பிறகு வீட்டுத் தென்னை, வாழை, கொய்யா எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. இலையடியில் வெள்ளைச் சுருள்கோலமும், கீழிலைகளின் மேல் கரும்பூசணமும் அதன் அடையாளம். வறண்ட மாதங்களில் பெருகி, மழையில் அடங்கும். இலையடியில் விசையாக நீரடித்து, ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டு, இரசாயனத்தைத் தவிர்த்தால் அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகள் பிழைத்துத் தம் வேலையைச் செய்யும்.

10. விதை

தை, மாசியில் கொடி அவரையின் முற்றிய நெற்றுகளைக் கொடியிலேயே காயவிட்டுப் பறித்து, உரித்து, ஒரு வெயில் காட்டிச் சாம்பல் புரட்டி வைத்தால் ஆடி வரை வண்டு அணுகாது. ஆடித் திருவிழாக்களின் முளைப்பாரியை விதைத்தேர்வுச் சடங்கு என்று விளக்கும் கருத்து பரவலாக உள்ளது. சடங்கின் தோற்றம் அதுதானா என்பது வேறு. முளைவிட்டுப் பார்த்து விதைப்பது நல்ல பழக்கம். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து நான்கைந்து நாளில் ஏழெட்டு முளைத்தால் அந்த விதை தேறும். கடையில் வாங்கும் அவரையின் உறையில் பெரும்பாலும் கொடி என்றோ செடி என்றோ மட்டுமே இருக்கும். பகல்நீளம் பார்க்கும் ரகமா என்று எழுதியிருப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரருக்கும் தெரியாவிட்டால், போன தையில் காய்த்த பக்கத்து வீட்டுப் பந்தலிலிருந்து நான்கு நெற்று கேட்டு வாங்குவதே உத்தரவாதம்.